காட்டுக்கு அடியில் பனி: துருவப் பயண ஓவியங்கள் ஓர் அறிமுகம்

லண்டனின் கிரீனிச் பகுதியில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாவைக் காட்டும் படம், வரைந்த ஆண்டு 1773. கரையோரம் அடர்ந்த காடு. மரங்களை ஒட்டிக் கட்டியிருக்கும் கப்பல். சாய்ந்து கிடக்கும் மரம் ஒன்றையே பாலமாக்கி அதன்மேல் நடக்கிறார் ஒருவர். எங்கு பார்த்தாலும் ஈரமும் பச்சையும். இந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது காட்டுக்கு அடியில் இன்னோர் ஓவியம் தெரிந்தது: கடலில் மிதக்கும் பனிப்பாறைகள். அண்டார்டிகக் கடலை நேரில் கண்டவர் அங்கே தீட்டிய எண்ணெய் ஓவியங்களில் மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள்.

வரைந்தவர் வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது பயணத்தில் ரெசல்யூஷன் கப்பலில் போன ஓவியர். 1772 நவம்பரில் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய கப்பல் ஏறத்தாழ நான்கு மாதம் நிலத்தையே பார்க்கவில்லை. 1773 ஜனவரி 17 அன்று அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தது. மனிதர் அந்தக் கோட்டைத் தாண்டியதாகப் பதிவாகியிருப்பது அதுதான் முதல் தடவை. பிறகு பனியிலிருந்து விலகி டஸ்கி விரிகுடாவுக்கு வந்து நங்கூரமிட்டார்கள். அங்கே, பனிப்பாறைகள் தீட்டிய அதே துணியின்மேல் ஹாட்ஜஸ் காட்டைத் தீட்டினார்.

துருவப் பயண ஓவியங்கள் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பார்த்துப் பழகியிராத ஒரு நிலத்தை வரைவதும், வரைந்ததைக் காப்பாற்றுவதும் எவ்வளவு கடினம் என்பது இதற்குள்ளேயே இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆர்க்டிக்குக்கும் அண்டார்டிகாவுக்கும் போனவர்கள், அங்கே கண்ட நிலத்தையும் கடலையும் வானத்தையும் வரைந்து கொண்டுவந்தார்கள். அவற்றைத்தான் இங்கே துருவப் பயண ஓவியங்கள் என்கிறேன். ஹாட்ஜஸைப் போல ஓவியமே தொழிலாகக் கொண்டவர்கள் இவர்களில் குறைவு. பெரும்பாலோர் கடற்படை அதிகாரிகள், மருத்துவர்கள், இயற்கை ஆய்வாளர்கள்.

கடற்படை அதிகாரிக்கு ஓவியம் எதற்கு? புகைப்படம் இல்லாத காலத்தில் ஒரு கரையை அடையாளம் சொல்ல அதன் உருவத்தை வரைந்து வைப்பதைவிட நல்ல வழி கிடையாது. கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும், எந்தக் குன்று எந்த முனைக்குப் பின்னால் நிற்கும், எந்தச் சிகரம் இரட்டையாகப் பிளந்திருக்கும் என்பதை நீளமான ஒரு கோட்டில் வரைந்து, பக்கத்தில் திசையும் தூரமும் எழுதி வைப்பார்கள். அடுத்து வரும் மாலுமி அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உள்ள கரையோடு ஒப்பிடுவார். அவருடைய உயிர் அந்தக் கோட்டை நம்பி இருக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாகப் பயின்ற இளைஞர்களுக்கு வரைவதும் ஒரு பாடமாக இருந்தது. ஆக, இந்த ஓவியங்கள் முதலில் சாட்சி சொல்லப் பிறந்தவை. அழகு அதற்குப் பிறகு வந்தது, பல சமயம் வரைந்தவருக்கே தெரியாமல்.

ஹாட்ஜஸ் பழகி வந்த ஓவியம் வேறு. அவருடைய ஆசான் ரிச்சர்ட் வில்சன், இத்தாலியின் பொன்வெயிலை இங்கிலாந்து நிலக்காட்சிக்குள் கொண்டுவந்தவர். அந்த மரபில் ஒரு நிலக்காட்சிக்கு ஒழுங்கு உண்டு. முன்னால் ஓரமாக நிழலில் ஒரு மரம், நடுவில் ஒளிபட்ட நீர், தொலைவில் மங்கும் மலை. பார்ப்பவரின் கண் படிப்படியாக உள்ளே போகும். பனிக்கடலில் மரம் எங்கே? மலை எங்கே? மலை போல நிற்பதெல்லாம் நகர்கிறது, உருள்கிறது, கரைகிறது. 1773 ஜனவரியில், தெற்கே 61 டிகிரி அட்சரேகையில், குடிநீருக்காகப் பனிக்கட்டிகளைப் படகில் அள்ளிக்கொள்ளும் காட்சியை அவர் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். பனிப்பாறைக்குப் பக்கத்தில் கப்பல், சுற்றிலும் படகுகள், வேலை செய்யும் ஆட்கள். பழைய ஒழுங்கில் மரம் செய்த வேலையை இங்கே கப்பல் செய்கிறது. பனிப்பாறை எவ்வளவு பெரியது என்பதை அளந்து சொல்வது அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இதே ஹாட்ஜஸ் 1780-இல் சென்னைக்கு வந்தார். ஹைதர் அலியின் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் உள்நாட்டுக்குள் அதிகம் போக முடியாமல், ஏறத்தாழ ஓராண்டு சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருந்துவிட்டு வங்காளத்துக்குப் போனார். இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் தொழில்முறை நிலக்காட்சி ஓவியர் என்று அவரைச் சொல்வார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே அந்நாளில் இருந்த மர்மலாங் பாலத்தை அவர் தீட்டியிருக்கிறார். அண்டார்டிகப் பனியைத் தீட்டிய கைதான் நம் அடையாற்று வெயிலையும் தீட்டியது என்று அறிந்த நாளிலிருந்து இந்த ஓவியங்கள் எனக்குத் தொலைவானவையாகத் தோன்றவில்லை.

அதே கப்பலில் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்ற 18 வயது இளைஞரும் இருந்தார். தந்தையோடு இயற்கை ஆய்வுக்காக வந்தவர். அவர் தீட்டிய ஒரு படத்தில் பனிப்பாறைகளுக்கு அப்பால் அடிவானத்தின் மேல் வெள்ளை ஒளி ஒன்று படர்ந்திருக்கும். பார்த்தால் விடியல் போலத் தோன்றும். அது விடியல் அல்ல. தொலைவில் பரந்து கிடக்கும் பனியின் வெளிச்சம் மேகத்தின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. பனி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வானம் அதைச் சொல்லிவிடும். இதற்கு மாறாக, மேகத்தின் அடியில் கருமை தெரிந்தால் அந்தப் பக்கம் திறந்த நீர் இருக்கிறது என்று பொருள். பனிக்கடல் மாலுமிகள் வானத்தை வரைபடமாகப் படித்தே வழி கண்டுபிடித்தார்கள். எனவே துருவ ஓவியம் ஒன்றைப் பார்க்கும்போது முதலில் அதன் வானத்தைப் பாருங்கள். வரைந்தவர் உண்மையில் அங்கே நின்றவரா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

இரண்டாவதாக, நிறம். பனி என்றால் வெள்ளை என்றுதான் நினைக்கிறோம். பனிக்கட்டி, ஒளியில் உள்ள சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொள்ளும். ஒளி பனிக்குள் எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறதோ அவ்வளவு நீலம் மிஞ்சும். உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்திருந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும். குமிழ்கள் நசுங்கி இறுகிய பழைய பனி ஆழ்ந்த நீலமாக இருக்கும். துருவத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால் நாம் மாலையில் சில நிமிடம் பார்க்கும் செம்மையும் ஊதாவும் அங்கே மணிக்கணக்கில் நீடிக்கும். வெறும் வெள்ளையும் சாம்பலுமாக உள்ள படத்தைவிட, இளஞ்சிவப்புப் பனியும் ஊதா நிழலும் உள்ள படமே பல நேரங்களில் உண்மைக்கு நெருக்கமானது.

பொய்ச் சாட்சி சொன்ன மலை

கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடக்கு வழியாகக் கடல் பாதை தேடி 1818-இல் ஜான் ராஸ் போனார். கனடாவின் வடக்கே லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்த அவர், ஆகஸ்ட் 31 அன்று வழியை அடைத்தபடி ஒரு மலைத்தொடர் நிற்பதைக் கண்டார். கடற்படைத் தலைமையகத்தின் செயலாளர் பெயரால் அதற்குக் குரோக்கர் மலைகள் என்று பெயரிட்டார், படமும் வரைந்தார், கப்பலைத் திருப்பினார். அந்தப் படம் மறுஆண்டு அவருடைய பயண நூலில் அச்சாகியும் வந்தது. அதே 1819-இல், முந்தைய பயணத்தில் அவருக்குக் கீழே இருந்த எட்வர்ட் பாரி அந்த நீரிணைக்குள் மீண்டும் போனார். மலை இருப்பதாக வரையப்பட்ட இடத்தின் வழியாக அவர் கப்பல் நேராக மேற்கே போயிற்று.

ராஸ் கண்டது கானல் தோற்றம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பனியை ஒட்டிய காற்று கடுங்குளிராகவும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் ஒளி வளைந்து வரும். அடிவானத்துக்கு அப்பால் கிடக்கும் பனி மேலே தூக்கப்பட்டு, நீட்டப்பட்டு, சுவராகவும் சிகரமாகவும் நிற்கும். பாலை நிலத்துக் கானலுக்கு நம் பழந்தமிழில் பேய்த்தேர் என்று ஒரு பெயர் உண்டு. பனிக்கடலிலும் அந்தத் தேர் ஓடுகிறது. ராஸின் பெயர் கெட்டது அந்த மலையால்தான். ஆனாலும் அந்தப் படத்தை நான் பொய் என்று ஒதுக்க மாட்டேன். அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு மனிதரின் கண்ணில் விழுந்தது என்ன என்பதற்கு அது நேர்மையான பதிவு. பிழை, அதைச் சரிபார்க்காமல் திரும்பியதில் இருக்கிறது.

அதே நூலில் இன்னொரு படமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். வரைந்தவர் ஜான் சாக்யூஸ் என்று ஆங்கிலேயர் அழைத்த கிரீன்லாந்து இனூயிட் இளைஞர். மொழிபெயர்ப்பாளராகக் கப்பலில் சென்றவர். எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித் என்ற ஓவியரிடம் பயின்றிருந்தார். வடமேற்குக் கிரீன்லாந்து மக்களும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் முதன்முதலில் சந்தித்த காட்சியை அவர் வரைந்தார். பனியின்மேல் முழுச் சீருடையில் அதிகாரிகள், எதிரே உரோம ஆடையில் உள்ளூர் மக்கள். ஐரோப்பியர் வரைந்த ஆர்க்டிக் படங்களில் பெரும்பாலும் நிலம் ஆளற்றுக் கிடக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்துவரும் நிலம் அது. சாக்யூஸின் படத்தில் அவர்கள் நிற்கிறார்கள், நாய் பூட்டிய சறுக்கு வண்டிகளோடு, தங்கள் ஊரில். 1819 பிப்ரவரியில் எடின்பரோவில் நோயுற்று அவர் இறந்துபோனார். இன்னும் சில பயணங்கள் போயிருந்தால் ஆர்க்டிக் ஓவியத்தின் கதையே வேறாகியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

பயணத்தில் வரைந்த சிறு தாள், ஊருக்கு வந்தபின் பல கைகளுக்கு மாறும். அச்சுத்தகடு செதுக்குபவர் துருவத்தைப் பார்த்தவர் அல்லர். சிகரத்தைச் சற்றுக் கூராக்குவார், மேகத்தைக் கறுப்பாக்குவார். அதன்பிறகு வட்ட அரங்குகள். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில், நடுவில் நிற்கும் பார்வையாளரைச் சுற்றிலும் ஓவியமே சூழ்ந்திருக்கும்படி கட்டிய அரங்கு இருந்தது. 1850-இல் அங்கே வைத்த ஆர்க்டிக் காட்சி, பிரவுன் என்ற கடற்படை அதிகாரியின் கோட்டோவியங்களைக் கொண்டு பெரிதாக்கப்பட்டது. 1845-இல் 129 பேரோடு போன ஜான் ஃபிராங்க்ளினின் கப்பல்கள் திரும்பி வராத காலம் அது. பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருக்க மாட்டார்கள்.

துருவத்துக்குப் போகாமலேயே துருவத்தை வரைந்தவர்களும் உண்டு. அவர்களில் தலையாயவர் ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக். 1823-24-இல் அவர் தீட்டிய பனிக்கடல் ஓவியம் இன்று ஹாம்பர்க்கில் இருக்கிறது. அடுக்கடுக்காகக் குத்திட்டு நிற்கும் பனிப்பலகைகள், ஓரத்தில் நொறுங்கிப் புதையும் ஒரு கப்பல். பாரியின் பயணச் செய்திகள் அவருக்குத் தூண்டுதல். ஆனால் அவர் கண்ணால் கண்டது எல்பே ஆற்றில் 1820-21 குளிர்காலத்தில் உடைந்து குவிந்த பனியைத்தான். அதனால்தான் அந்தப் பனி வட்டமாகத் தேய்ந்த பனிப்பாறை போல இல்லாமல், ஆற்றில் உடைந்த பலகை போலக் கூர்மையாக இருக்கிறது. மனிதனைச் சிறிதாக்கும் இயற்கையின் முன் அச்சமும் பரவசமும் ஒன்றாக எழும் அனுபவத்தை அந்தக் கால ஐரோப்பியக் கலை தேடிக்கொண்டிருந்தது. ஃபிரீட்ரிக் அதற்கு உருவம் கொடுத்தார். மாபெரும் ஓவியம்தான், ஆனால் அதை வைத்துக் கப்பல் ஓட்ட முடியாது. சாட்சி சொல்லும் ஓவியமும் கனவு காணும் ஓவியமும் பிரியும் இடம் இது.

கையுறையைக் கழற்றும் சில நொடிகள்

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன என்றால் அது எட்வர்ட் வில்சனிடம்தான். 1872-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர். ராபர்ட் ஸ்காட்டின் இரண்டு அண்டார்டிகப் பயணங்களிலும், 1901-04 டிஸ்கவரி பயணத்திலும் 1910-இல் கிளம்பிய டெர்ரா நோவா பயணத்திலும், உடன் போனவர்.

அவர் எப்படி வரைந்தார் என்று தெரிந்தால்தான் அந்தப் படங்களின் அருமை புரியும். வெளியே நீர்வண்ணம் தீட்ட வழியில்லை. தூரிகையிலேயே நீர் உறைந்துவிடும். எனவே கையில் பென்சில் மட்டும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகச் சில நொடிகள் போதும். அதற்குள் சில கோடுகள் இழுத்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று சுருக்கமாக எழுதிவிட்டு, கையை மீண்டும் உள்ளே நுழைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு மறுபடியும் சில கோடுகள். மாதக்கணக்கில் சூரியன் எழாத குளிர்காலத்தில், அண்டார்டிகக் கரையில் கேப் எவன்ஸ் என்ற இடத்தில் இருந்த குடிலுக்குள் விளக்கடியில் உட்கார்ந்து, அந்தக் குறிப்புகளையும் தன் நினைவையும் வைத்து நீர்வண்ணத்தில் முழுப் படமாக்குவார். இன்று நாம் காணும் அந்த மெல்லிய எலுமிச்சை மஞ்சளும் ரோஜாநிறமும் வெளியே இருள் மூடியிருந்தபோது ஒரு மனிதரின் நினைவிலிருந்து வந்தவை.

கண்ணும் விலை கொடுத்தது. பனியில் பட்டுத் தெறிக்கும் புறஊதாக் கதிர் விழிப்படலத்தைச் சுட்டுவிடும். கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரியும். பனிக்குருடு என்பது இதுதான். கருப்புக் கண்ணாடி போட்டால் தப்பிக்கலாம், ஆனால் நிறமும் நுண்கோடும் தெரியாது. 1902 டிசம்பரில் ஸ்காட், ஷாகில்டன் இருவரோடு தெற்கு நோக்கி நடந்தபோது, யாரும் அதுவரை பார்த்திராத மலைத்தொடர் மேற்கே தெரிந்துகொண்டே வந்தது. வில்சன் அதைத் தொடர்ந்து வரைந்தார். கண் போயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி இழுத்து நடந்தார். பக்கத்தில் நடந்த ஸ்காட், என்னென்ன சிகரம் தெரிகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கண் தேறியதும் மீண்டும் வரைந்தார்.

டெர்ரா நோவா பயணத்தில் ஹெர்பர்ட் பான்டிங் என்ற தேர்ந்த புகைப்படக்காரரும் இருந்தார். கேமரா இருக்கும்போது பென்சில் எதற்கு? பான்டிங்கின் படங்கள் ஈடில்லாதவைதாம், ஆனால் அவை கருப்பு வெள்ளை. துருவ வானத்தின் நிகழ்ச்சிகளோ நிறத்தால் ஆனவை. நிலாவைச் சுற்றி வட்டம் விழுவதை நம் ஊரில் கோட்டை கட்டுவது என்போம். அகல் வட்டம் பகல் மழை என்று பழமொழியே இருக்கிறது. உயரத்து மேகத்தில் உள்ள அறுகோணப் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால், 22 டிகிரி விலகி அந்த வட்டம் தோன்றுகிறது. துருவத்தில் இந்தத் துகள்கள் தரையருகேயே மிதக்கும். எனவே சூரியனைச் சுற்றி ஒன்றல்ல, சில நேரம் இரண்டு வட்டம், குறுக்கே ஒளிப்பட்டைகள், இருபுறமும் போலிச் சூரியன்கள். வில்சன் இவற்றை வரைந்த முறை இயற்பியல் மாணவனுக்கும் பயன்படும். எந்த வளைவு எதைத் தொடுகிறது, எந்தப் பக்கம் சிவப்பு, எந்தப் பக்கம் நீலம் என்று இம்மி பிசகாது.

ஃபிரீட்ரிக்கின் வீச்சு வில்சனிடம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. சரிதான். அவர் அடங்கிய குரலில் பேசுபவர். ஆனால் அவர் ஒரு மலையை வரைந்தால் அங்கே மலை இருக்கிறது. ராஸுக்குப் பிறகு அதன் மதிப்பு நமக்குத் தெரியும்.

1911-இன் குளிர்கால இருளில், பேரரசப் பெங்குவின் முட்டை தேடி இரண்டு தோழர்களோடு கேப் குரோசியர் போய் வந்தார். மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போன குளிர் அது. அடுத்த கோடையில் ஸ்காட்டோடு தென் துருவத்துக்கு. 1912 ஜனவரி 16 அன்று பனியின் நடுவே ஒரு கறுப்புக் கொடி தெரிந்தது. நார்வேயின் அமுண்ட்சென் குழு முந்திவிட்டது. வில்சன் அதையும் வரைந்தார். துருவத்தருகே அமுண்ட்சென் விட்டுச் சென்ற சிறு கூடாரத்தையும் வரைந்தார். கைகளின் நிலை என்ன, மனத்தின் நிலை என்ன என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கோடு மட்டும் நேராக இருக்கிறது. திரும்பும் வழியில் அவரும் ஸ்காட்டும் பவர்ஸ் என்ற தோழரும் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே இறந்தார்கள். நவம்பரில் தேடி வந்தவர்கள் அந்த ஓவியங்களையும் அங்கிருந்து எடுத்துவந்தார்கள். வில்சனின் துருவ ஓவியங்கள் பெருமளவில் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன.

வேறு வழிகளும் இருந்தன. நார்வேயின் நான்சென் 1893-96 துருவப் பயணத்தில் ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு மிதந்தபோது, நிலவையும் துருவ ஒளியையும் பேஸ்டல் குச்சிகளால் தீட்டினார். உலர்ந்த வண்ணம், உறைவதற்கு அதில் நீர் இல்லை. ரஷ்யாவின் அலெக்சாண்டர் போரிசோவ் எண்ணெய் வண்ணத்தோடு நோவாயா செம்லியா தீவுக்கே போய்த் தங்கி வரைந்தார்.

கடைசியாக ஜார்ஜ் மார்ஸ்டன். ஷாகில்டனின் எண்டியூரன்ஸ் பயணத்தில் ஓவியராகப் போனவர். 1915-இல் கப்பலைப் பனி நசுக்கியது. 28 பேர் பனித்தட்டின்மேல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். மிச்சம் இருந்தவை மூன்று படகுகள். தச்சர் மெக்நிஷ் அவற்றைக் கடலுக்கு ஏற்றபடி உயர்த்திச் செப்பனிட்டபோது, பலகை இடுக்குகளை அடைக்க எதுவும் இல்லை. விளக்குத்திரியைத் திணித்து, அதன்மேல் மார்ஸ்டனின் எண்ணெய் வண்ணங்களைப் பூசினார்கள். 1916 ஏப்ரலில் ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில் ஆறு பேர் எலிஃபண்ட் தீவிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள். மார்ஸ்டன் உட்பட 22 பேர் தீவில் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று மீட்புக் கப்பல் வந்தது. ஒருவர் குறையாமல் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். அந்தப் படகு இன்று லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கிறது.